வெயில் மாதங்களில் 65 கடந்தவர்களின் உடற்பயிற்சி: நிறுத்துவதா, இடம் மாற்றுவதா?

வெயில்நடை:

வணக்கம். வயதானவர்களும் வெயிலும் என்று பேச்செடுத்தாலே "வெளியே போகாதீங்க, தண்ணி நிறைய குடிங்க" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். ஒரு வாரம் அடித்துவிட்டு ஓயும் வெயிலுக்கு அது போதும். வருஷத்தில் நாலைந்து மாதம் புழுங்கும் இடத்தில், அந்த நாலைந்து மாதமும் நாற்காலியிலேயே கழிந்தால் கால் என்ன ஆகும்?

இங்கே விஷயம் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். எவ்வளவு வெயில் வரை வெளியே நடக்கலாம், அதை எப்படி அளப்பது? வீட்டுக்குள் செய்வதென்றால் எதை, எத்தனை தடவை? பிரஷர், சுகர், இதய மாத்திரை எடுப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? தண்ணீர் உண்மையில் எவ்வளவு? அனுபவக் கதைகள் வேண்டாம். அளவும் காரணமும் சொல்லுங்கள்.

வியர்வைக்கணக்கு:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். வெப்பமானியின் டிகிரியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்தான் தப்பு தொடங்குகிறது.

வெயிலில் நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடம்புச் சூடு தானாகவே காற்றுக்குப் போகும். காற்று 35ஐத் தாண்டிவிட்டால் கதை தலைகீழ். காற்றிலிருந்து உடம்புக்குச் சூடு ஏறும். அப்போது மிஞ்சும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். ஆனால் ஆவியாக வேண்டும். தரையில் சொட்டிய வியர்வையும், துண்டால் துடைத்தெடுத்த வியர்வையும் உடம்பைக் குளிர்விக்காது. நீர் போனதுதான் மிச்சம்.

வயதானவர்களுக்கு இங்கே மூன்று இடத்தில் அடி. வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை அதிகம் குறையாது, ஆனால் ஒவ்வொன்றும் சுரக்கும் அளவு குறைகிறது, சுரக்கத் தொடங்கவும் தாமதமாகிறது. தோலுக்கு ஓடிவரும் ரத்தமும் குறைகிறது. தாக உணர்வு மங்குகிறது. "எனக்கு வேர்க்கவே இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று ஒரு 75 வயதுக்காரர் சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு. சாதாரண வெப்பமானி இரண்டு போதும். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனி ஒரு கிண்ணத் தண்ணீரில் முங்கியிருக்கும்படி வையுங்கள். இரண்டையும் நிழலில் வைத்து, விசிறியால் காற்று படும்படி 5 நிமிடம் விட்டுப் படியுங்கள். துணி காய்ந்துபோனால் அளவு கூடிக் காட்டும், அதைக் கவனியுங்கள்.

விளையாட்டுத் துறையிலும் ராணுவத்திலும் 1950களிலிருந்து பயன்படும் கூட்டுக் கணக்கு இது: வெயிலில் என்றால் ஈரக்குமிழில் 0.7 பங்கு, கறுப்புக் கோள வெப்பமானியில் (கறுப்புப் பூசிய கோளத்துக்குள் வைத்த வெப்பமானி, நேர் வெயிலின் சூட்டையும் காட்டும்) 0.2 பங்கு, காற்று வெப்பத்தில் 0.1 பங்கு. நிழலிலும் வீட்டுக்குள்ளும் 0.7 ஈரக்குமிழ், 0.3 கோளம். நிழலில் கோளம் பெரும்பாலும் காற்றின் அளவையே ஒட்டி நிற்கும் என்பதால் வீட்டில் காற்று வெப்பத்தையே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு நாளின் இரண்டு நேரங்களைப் பாருங்கள். விடியற்காலை 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். மாலை 5 மணி, 36 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம். ஈரக்குமிழ் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், 25 சொச்சம்! விடியற்காலை நடந்தாலும் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்வது இதனால்தான். ஆனால் கூட்டுக் கணக்கில் விடியற்காலை சுமார் 26, மாலை சுமார் 28.5. காலையில் காற்றே கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மாலையில் காற்றும் சுடுகிறது, பகலெல்லாம் வெந்த சுவரும் தரையும் சூட்டைக் கக்குகின்றன. விடியற்காலைதான் சிறந்தது.

65ஐத் தாண்டியவர்களுக்கு, என் கணிப்பில், கூட்டுக் கணக்கு 28ஐத் தொட்டால் தொடர் நடையை விட்டுவிட்டு உள்ளே வந்துவிடலாம். 26க்கும் 28க்கும் நடுவில் 10 நிமிட நடை, 5 நிமிட நிழல் ஓய்வு என்று பிரித்துக்கொள்ளலாம்.

தசைபலம்:

இரண்டாவது கேள்வி என் தொழில், பிசியோதெரபி. நடையை மட்டுமே உடற்பயிற்சி என்று நினைப்பதால்தான் "வெயில் வந்துவிட்டது, பயிற்சி நின்றுவிட்டது" என்ற நிலை வருகிறது. 60 வயதுக்கு மேல் முதலில் இழப்பது தொடையின் பலம். அதைக் காக்க நடை மட்டும் போதாது. ஆரோக்கியமான முதியவர்களைப் படுக்கையில் 10 நாள் வைத்துப் பார்த்த ஆய்வில் கால் தசை சுமார் ஒரு கிலோ குறைந்தது. பத்தே நாளில்!

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் 65 கடந்தவர்களுக்கு மூன்று பகுதிகள்: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி, 3 நாள் சமநிலையைச் சேர்த்த பயிற்சி. வெளியே போக முடியாமல் நெருக்கடிக்கு உள்ளாவது முதல் பகுதி மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் போதும். கூடவே ஒரு வசதி: விட்டு விட்டுச் செய்வதால் உடம்பில் சூடு தேங்குவதும் குறைவு.

முதலில் இருக்கும் பலத்தை அளந்துகொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டி, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. 70 முதல் 74இல் 12, 10. 75 முதல் 79இல் 11, 10. 80 முதல் 84இல் 10, 9. இதற்குக் கீழே போனால் விழும் அபாயம் கூடுதல் என்று பொருள். எழுவதற்குக் கையை ஊன்ற வேண்டியிருந்தால் கணக்கு பூஜ்யம். பயிற்சியை அங்கிருந்தே தொடங்கலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வாரம் 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி:

*எழுந்து உட்காருதல்.* பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். பாதம் முன்னால் இருந்தால் எவ்வளவு பலம் இருந்தாலும் எழ வராது. "முடியவில்லை" என்பவர்களில் பாதிப் பேருக்கு இதைத் திருத்தினாலே முடிந்துவிடும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, எழுங்கள். உட்காரும்போது மனசுக்குள் 4 எண்ணிக்கொண்டே இறங்குங்கள். தொப்பென்று விழுவது உட்காருவதாகாது. தசைக்குப் பெரிய வேலை இறங்கும்போதுதான். முழங்கால்கள் உள்ளே மடங்கி ஒன்றையொன்று நெருங்கினால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று.

*சுவரைத் தள்ளுதல்.* கை நீளத்தைவிட அரை அடி தள்ளி நின்று, முழங்கையை மடக்கிச் சுவரை நெருங்கி, தள்ளி வாருங்கள். இலகுவானதும் சுவருக்குப் பதில் கனமான மேசையின் விளிம்பு.

*குதிகால் உயர்த்தல்.* நாற்காலி முதுகைப் பிடித்தபடி இரண்டு குதிகாலையும் தூக்கி 2 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். கெண்டைக்கால் தசை காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. வெயிலில் கால் வீங்குபவர்களுக்கு இது இரட்டைப் பயன்.

*இழுத்தல்.* ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி, தோள்பட்டை எலும்புகள் பின்னால் நெருங்கும்படி இழுங்கள். கதவு உங்கள் பக்கம் திறக்காததாக இருக்கட்டும்.

சுற்றுக்குச் சுற்று 2 நிமிடம் ஓய்வு. மூச்சை அடக்காதீர்கள், சிரமப்படும் கட்டத்தில் வாயால் வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் குபீரென்று ஏறி, விட்டதும் சடாரென்று இறங்கும். சுற்று முடியும்போது "இன்னும் 2 செய்யலாம்" என்ற நிலை இருக்க வேண்டும். 12 இலகுவாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாமல் எடையைக் கூட்டுங்கள்: ஒரு பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டால் ஒரு கிலோ.

சமநிலை:

தசைபலம் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சமநிலைக்கு, மூலையில் இரண்டு சுவரும் கைக்கு எட்டும்படி நின்று, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்நுனியோடு ஒட்டி ஒரே கோட்டில் 10 விநாடி. பிறகு பாதம் மாற்றி. அது வந்தபின் தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். கண்ணை மூடுவது கடைசிப் படி. பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும்.

வழவழப்பான தரையில் வேர்த்த வெறுங்காலோடு செய்யாதீர்கள். காலுக்குக் கீழே நாலு சொட்டு வியர்வை விழுந்தால் போதும், வழுக்கிவிடும். அடிப்பகுதி பிடிக்கும் செருப்போ காலணியோ போடுங்கள். குதிகால் திறந்த செருப்பு வேண்டாம். சுகரால் பாதம் மரத்தவர்கள் வெளியே வெறுங்காலில் நிற்கவே கூடாது. தரை சுட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

வெயில்நடை:

இருவருக்கும் நன்றி. மாத்திரை விஷயம்? நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் பச்சை காட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள், அதுவும் சரியா?

மருந்துப்பெட்டி:

கடிகாரத்திலிருந்தே தொடங்கலாம். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள்) எடுப்பவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது. உடம்பு தவித்தாலும் கடிகாரம் பச்சைதான் காட்டும். உச்ச நாடித்துடிப்புக்கு 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் அவர்களுக்குப் பொருந்தாது. பேச்சுதான் நம்பகமான அளவுகோல்: நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும். நடுவில் மூச்சு வாங்கி வாக்கியம் உடைந்தால் வேகம் கூடிவிட்டது.

இனி மாத்திரைகள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு எதையும் தாமாக நிறுத்த வேண்டாம். வெயில் தொடங்கும் முன்பே மாத்திரைப் பட்டியலை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கேட்பதற்காகத்தான் இது.

நீர் பிரியும் மாத்திரைகள் (ஃப்ரூஸிமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு வகை) நீரோடு உப்பையும் வெளியேற்றும். தயசைடு எடுத்துக்கொண்டு வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம். வெயில் மயக்கம் போலவே இருப்பதால் "இன்னும் தண்ணி கொடுங்க" என்று மேலும் கெடுத்துவிடுவார்கள்.

எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவை பிரஷருக்கு நல்ல மருந்துகள். ஆனால் இவற்றோடு நீர் மாத்திரையும் இருந்து, மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபினாக்கும் சேர்ந்து, உடம்பில் நீரும் வற்றினால் சிறுநீரகம் சில நாளிலேயே அடிவாங்கும். வலி மாத்திரை கடையில் கேட்டாலே கிடைப்பதால், நான் பெரிதும் அஞ்சும் கூட்டு இதுதான்.

டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே தள்ளும். கூடவே நீரும் போகும். நீர் வற்றிச் சாப்பிடாமலும் இருந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அமிலத் தேக்கம் (ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தான நிலை) வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாளில் இதையும் மெட்ஃபார்மினையும் பிரஷர் மாத்திரைகளையும் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பலர் கவனிக்காதது: வியர்வையையே அடைக்கும் மருந்துகள். அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில், சாதாரண சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின். சளி மாத்திரையை விழுங்கிவிட்டு வெயிலில் நடப்பவருக்கு அது ஒரு மருந்தென்றே நினைவிருக்காது. மனநல மருந்தான லித்தியம் எடுப்பவர்களுக்கு நீர் வற்றினால் மருந்தே நஞ்சாகும்; குமட்டல், கை நடுக்கம், தடுமாற்றம் கண்டால் அன்றே ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும்.

இன்சுலின்: திறக்காதது 2 முதல் 8 டிகிரிக்குள். பயன்பாட்டில் இருப்பது பெரும்பாலான வகைகளில் 25 அல்லது 30 டிகிரிக்குள், சுமார் 28 நாள். உறையில் போட்டிருப்பதைப் பாருங்கள். நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம் விட்டால் நம்ப முடியாது. உறைபெட்டியில் பனியாகிப்போனதையும் தூக்கிப் போடுங்கள். உடம்பு சூடாக இருக்கும்போது இன்சுலின் வேகமாக ஏறும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் வெயில் என்று முடிவுகட்டாமல் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழ் என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

வெயில் காலத்தில் பிரஷர் மாத்திரையின் அளவு கூடுதலாகிவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். 5 நிமிடம் படுத்திருந்து ஒரு அளவு, எழுந்து நின்று 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்தக் காகிதத்தோடு மருத்துவரைப் பாருங்கள். காலை மாத்திரை போட்ட பிறகு எடுத்த அளவா, முன்பா என்றும் எழுதுங்கள்.

தினம்மூன்றுலிட்டர்:

இவ்வளவு சிக்கல் எதற்கு? தினமும் 3 அல்லது 4 லிட்டர் தண்ணீர் குடித்தால் எல்லாம் சரியாகிவிடுமே. சிறுநீர் வெள்ளையாகப் போனால் போதும்.

செவிலி_இரவுப்பணி:

ஐயா, மன்னிக்கவும், எல்லாருக்கும் ஒரே லிட்டர் என்பதை ஏற்க முடியவில்லை. இதயம் பலவீனமானவருக்கு 4 லிட்டர் நுரையீரலில் போய் நிற்கும். தயசைடு எடுப்பவருக்கு என்ன ஆகும் என்று மருந்துப்பெட்டி மேலே சொல்லிவிட்டார். வயதாக ஆக, சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் சிறுநீரகத்துக்குக் குறைகிறது. உடம்பில் நீர் வற்றியிருந்தாலும் சிறுநீர் வெளிறிப் போகலாம். பி வைட்டமின் மாத்திரை போட்டால் நீர் நிறைய இருந்தாலும் மஞ்சளாகப் போகும். முதியவர்களுக்கு நிறம் நம்பகமான அளவு இல்லை.

நீர்க் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு அடிப்படை: பானங்களாகப் பெண்கள் நாளுக்கு 1.6 லிட்டர், ஆண்கள் 2 லிட்டர். காபி, டீயும் இந்தக் கணக்கில் சேரும். அதற்கு மேல் எவ்வளவு என்பதைத் தராசு சொல்லும்.

நடைக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். திரும்பி வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு அதே உடையில் மறுபடி. 70.0 கிலோ 69.4 ஆகியிருந்தால் 600 மி.லி. போயிருக்கிறது, நடுவில் 200 குடித்திருந்தால் மொத்தம் 800. அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டுங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். நாலைந்து நாள் இப்படிப் பார்த்தால் உங்கள் உடம்பின் கணக்கு கைக்கு வந்துவிடும், பிறகு தினமும் அளக்க வேண்டாம்.

இதய பலவீனம் உள்ளவர்கள் தினமும் காலையில், சிறுநீர் போன பிறகு, சாப்பாட்டுக்கு முன் எடை எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோ கூடினால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். வெயில் காலத்தில் 2 கிலோ இறங்கினாலும் அழைக்க வேண்டும். நீர் மாத்திரை அளவு மீறியிருக்கலாம். "வெயில் நாளில் எனக்கு எத்தனை மி.லி.?" என்று எண்ணாகவே கேட்டு வாங்குங்கள்.

ராத்திரி எழ வேண்டுமே என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீரை நிறுத்துபவர்கள் நிறையப் பேர். நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். எழுந்தவுடன் ஒரு டம்ளர், ஒவ்வொரு வேளை மாத்திரையோடும் முழு டம்ளர், மாலை 6 மணிக்குள் பெரும்பகுதி முடிந்துவிட வேண்டும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் ரொம்பவும் வேர்த்த நாளுக்கும் உரியது, தினசரி பானமல்ல. பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பொட்டலம், முழு ஒரு லிட்டர். டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் உப்பு அடர்த்தியாகி வயிற்றுப்போக்கைக் கூட்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

தினம்மூன்றுலிட்டர்:

எடை பார்க்கும் முறை நன்றாக இருக்கிறது மேடம். என் வரியைத் திருத்திக்கொள்கிறேன். நீர்க் கட்டுப்பாடு உள்ளவர்கள் நான் சொன்ன 3, 4 லிட்டரைப் பின்பற்ற வேண்டாம்.

காற்றுவழி:

வீட்டுக்குள் செய்யச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருக்கும் அறை பிற்பகலில் வெளியைவிட மோசமாகும். வெளியே 3, 4 மணிக்கு வெப்பம் உச்சத்தைத் தொட்டு இறங்கும்; கூரையின் உள்பக்கம் அதற்குப் பல மணி நேரம் கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். பயிற்சி அறையில் ஒரு வெப்பமானி மாட்டி இரண்டு நாள் மணிக்கு மணி எழுதினாலே எந்த அறை, எந்த நேரம் என்று தெரிந்துவிடும்.

வெளியே உள்ளைவிடச் சூடாக இருக்கும்போது ஜன்னலை மூடுங்கள். வெளியே குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். திரை ஜன்னலுக்கு வெளியே இருந்தால்தான் பயன் பெரிது. உள்திரை வெயிலைத் தடுத்தாலும் சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது.

மின்விசிறி பற்றி: காற்று சுமார் 38 டிகிரியைத் தாண்டினால், வயதானவர்கள் மேல் விசிறி மட்டும் போடுவது சூட்டை உடம்பில் ஏற்றும். வியர்வையை அடைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த எல்லை இன்னும் கீழே. ஆனால் கை, கால், கழுத்தை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டு விசிறியில் உட்கார்ந்தால் அந்த ஈரம் வியர்வையின் வேலையைச் செய்யும். முழங்கை வரை குளிர்ந்த நீரில் 10 முதல் 15 நிமிடம் வைத்திருப்பதும் பயிற்சிக்குப் பின் நன்றாகக் குளிர்விக்கும்.

ராத்திரியை மறந்துவிடுகிறோம். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் வெப்ப அலையின்போது சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். ராத்திரியும் சூடு இறங்காததால் உடம்புக்கு ஓய்வே கிடைக்கவில்லை. தொடர்ந்து இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லையென்றால் மூன்றாம் நாள் காலை நடையை விட்டுவிடுங்கள்.

ஊட்டம்:

சுருக்கமாகப் புரதம். வெயிலில் பசி மந்தமாகும். முதலில் தட்டிலிருந்து காணாமல் போவது புரதம்தான். அது இல்லாமல் மேலே சொன்ன தசைப் பயிற்சி பாதிப் பலனே தரும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம், வேளைக்கு 20 முதல் 24 கிராம் அளவில் மூன்றாகப் பிரித்து. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 250 மி.லி. பாலில் 8, வெந்த பருப்பு 100 கிராமில் 9, சமைத்த மீனிலோ கோழியிலோ 100 கிராமுக்கு 22க்கு மேல். ராத்திரி மட்டும் மொத்தமாகச் சாப்பிடுவது அவ்வளவு உதவாது. சிறுநீரகச் செயல்பாடு நன்றாகக் குறைந்தவர்கள் இந்த அளவைத் தாமாக எடுக்கக் கூடாது.

வெயில்நடை:

இரண்டு சந்தேகம் மிச்சம். காய்ச்சலோ பயணமோ காரணமாக மூன்று வாரம் விட்டுப்போனால் எங்கிருந்து தொடங்குவது? யாராவது விழுந்துவிட்டால் முதல் பத்து நிமிடம் என்ன செய்வது?

வியர்வைக்கணக்கு:

முதலாவதற்கு: உடம்பு வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரம் வேர்க்கும், வியர்வையில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். இரண்டு மூன்று வாரம் விட்டால் இதில் பெரும்பகுதி போய்விடும். அதனால் மறுபடி முதல் நாள் 10 நிமிடம், இரண்டு நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டுங்கள். நாள் முழுக்க ஏசியில் இருப்பவர் கோடையின் நடுவில் இருந்தாலும் பழகாதவர்தான், இதையே பின்பற்றட்டும். காய்ச்சல் இருக்கும் நாளில் எதுவும் வேண்டாம்.

நடையைச் சட்டென்று நிறுத்தி நிற்காதீர்கள். தோலுக்கும் காலுக்கும் விரிந்த ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்கி, தலைக்குக் குறைந்து, நின்ற இடத்திலேயே மயக்கம் வரும். கடைசி 5 நிமிடம் வேகத்தைக் குறைத்து நடந்துவிட்டு உட்காருங்கள்.

செவிலி_இரவுப்பணி:

இரண்டாவதற்கு. தலைசுற்றல், சோர்வு, குமட்டல், ஆனால் தெளிவாகப் பேசுகிறார் என்றால்: நிழல், படுக்கவைத்துக் கால்களை உயர்த்துதல், சட்டையைத் தளர்த்துதல், நனைத்து விசிறுதல், சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தல். அரை மணி நேரத்தில் தெளியவில்லையென்றால் மருத்துவமனை.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், வலிப்பு, நினைவில்லை என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். தோல் வறண்டிருக்க வேண்டும் என்று இல்லை, வேர்த்தும் இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு அது வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். உடையைக் களைந்து உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, கிடைப்பதையெல்லாம் வைத்து விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில். நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் அல்ல, அந்த மாத்திரைக்கு இங்கே வேலையே இல்லை. வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். சுகர்காரர் என்றால் ஒருவர் குளிர்விக்க, இன்னொருவர் விரலில் குத்திப் பார்க்கட்டும்.

வெயில்நடை:

நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கும் வெப்பமானியில் 37.5 காட்டினால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா மேடம்?

செவிலி_இரவுப்பணி:

கூடாது. அந்தக் கருவி தோலின் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. நெற்றி வேர்த்திருந்தால் குறைத்துக் காட்டும், வெயில் பட்டிருந்தால் கூட்டிக் காட்டும். அக்குள் அளவும் உள்ளே 40ஐத் தாண்டியதைத் தவறவிடும். பெயர் என்ன, இன்று என்ன கிழமை, இரண்டு கையையும் தூக்குங்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தடுமாறினால் எண் என்ன காட்டினாலும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கை மட்டும் கீழே தொங்கினால் பக்கவாதமாகவும் இருக்கலாம் என்று ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லுங்கள், கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தையும் சேர்த்து.